நகம் மாட்டினால்தான் கீறல்

ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிற வாடகைக் கார் நிறுவனத்தில் போய் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளிக்குக்கூட யாரென்று தெரியாது. "கீறல் அக்கா" என்று கேட்டுப் பாருங்கள், கூடவே நடந்து வந்து காட்டிவிட்டுப் போவார். வாடகைக்குப் போன கார் திரும்பி வந்ததும் அதைச் சுற்றி வந்து, எங்கே கீறல் விழுந்திருக்கிறது, அது யார் தலையில் விடியும் என்று எழுதுவது அவள் வேலை. இதெல்லாம் ஒரு வேலையா என்று நினைப்பீர்கள். தாராளமாக நினையுங்கள். உங்கள் காரை அவள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தும் வரைக்கும் அப்படித்தான் எல்லாரும் நினைக்கிறார்கள்.

வாடகை ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில், கண்ணைச் சுருக்கினால் மட்டும் தெரிகிற எழுத்தில், கீறல் என்றால் என்ன என்று எழுதியிருக்கிறது. நகத்தை வைத்து இழுத்தால் மாட்டாத கோடு கீறலே கிடையாது, அது 'சாதாரணத் தேய்மானம்'. நகம் மாட்டினால்தான் கீறல். அதிலும் நிறுவனம் கொடுத்திருக்கும் பிளாஸ்டிக் அட்டையின் நீளத்துக்குள் அடங்கினால் 'சிறு கீறல்', நிறுவனமே பொறுத்துக்கொள்ளும். அட்டையைத் தாண்டினாலோ, பெயின்ட் போய் அடியில் வெள்ளை தெரிந்தாலோ 'சேதம்'. அதற்கு வாடிக்கையாளர் கட்டியாக வேண்டும். கதவுக் கைப்பிடிக்குப் பின்னால் ஒரு குழி இருக்கிறதே, அங்கே மட்டும் எத்தனை கீறல் இருந்தாலும் மன்னிப்பு உண்டு. கதவைத் திறக்கிற அத்தனை பேர் நகமும் அங்கேதான் படும் என்று ஒப்பந்தம் எழுதிய புண்ணியவானுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆக, நகம்தான் எல்லாம். அவளுடைய வலது கை ஆள்காட்டி விரல் நகம் மட்டும் கொஞ்சம் நீளமாக, நுனி மழுங்காமல் இருக்கும். பாத்திரம் தேய்த்தாலும் காய் நறுக்கினாலும் அந்த விரலை மட்டும் தூக்கி வைத்துக்கொள்வாள். புதிதாகப் பார்க்கிறவர்கள் யாரையோ மிரட்டுகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். "அது நகம் இல்ல, கம்பெனி சொத்து" என்பார் அவள் கணவர்.

ஜனங்கள் செய்கிற தில்லுமுல்லு இருக்கிறதே, அப்பப்பா! மழையில் நனைந்தபடி காரைக் கொண்டுவந்து விடுவார்கள். ஈரத்தில் கீறல் தெரியாதாம். ஒருவர் ஷூ பாலிஷைத் தடவிக்கொண்டு வந்தார். ஓர் அம்மாள் கீறலின் மேல் பூப்போட்ட ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு, "கார் அழகா இருக்கட்டுமேன்னுதான்" என்றாள். கீறல் அக்கா யாரிடமும் குரலை உயர்த்த மாட்டாள். கழுவச் சொல்வாள், துடைக்கச் சொல்வாள், காய விடுவாள். பிறகு பக்கவாட்டில் வெயில் விழுகிற மாதிரி காரை நிறுத்தி, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள்.

அதற்காக நிறுவனத்தின் ஆள் என்று அவளை முடிவுகட்டிவிடாதீர்கள். ஒருமுறை முதன்முதலாகக் கார் ஓட்டிப் பழகிய ஒரு டீச்சர், கதவில் ஒரு முழ நீளத்துக்குக் கோடு விழுந்துவிட்டது என்று கண்கலங்க நின்றிருந்தார். சூப்பர்வைசர் 'சேதம்' என்று எழுதப் பேனாவையே திறந்துவிட்டார். கீறல் அக்கா நகத்தை வைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இழுத்தாள். எங்கேயும் மாட்டவில்லை. "செடி உரசியிருக்கு, தொடச்சா போயிடும். நீங்க கிளம்புங்க டீச்சர்" என்றாள். சூப்பர்வைசர் முகம் போன போக்கைப் பார்த்துக் கார் கழுவுகிறவர்கள் ஒரு வாரம் சிரித்தார்கள்.

கணவரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறார். லென்ஸில் கீறல் விழுந்துவிட்டது, மாற்றிக் கொடுங்கள் என்று யாராவது வந்தால் இவர் கேட்கிற முதல் கேள்வி, "சட்டை நுனியால துடைச்சீங்களா?" ஆமாம் என்று வாயைத் திறந்தால் போச்சு, உத்தரவாதம் கிடையாது. இப்படி ஊருக்கெல்லாம் நியாயம் சொல்கிற மனிதர் தன் கண்ணாடியை எதால் துடைப்பார் தெரியுமா? சட்டை நுனியால்தான். அந்தக் கண்ணாடி வழியாக உலகத்தைப் பார்த்தால் எப்போதும் பனிமூட்டம்தான் தெரியும். போதாததற்கு, தெருவில் யார் கார் பின்னால் வந்தாலும் ஓடிப்போய்க் கையை ஆட்டி, "வரட்டும், வரட்டும்" என்று வழிகாட்டுவதில் அவருக்குத் தனி ஆனந்தம்.

இன்னொன்று, வீட்டு கேட். அதன் தாழ்ப்பாள் கம்பி ஒரு விரல் நீளத்துக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும். "அதை அறுத்து விடுங்க, யார் காரையாவது கிழிக்கப்போகுது" என்று அவள் சொல்லாத நாள் இல்லை. "நாளைக்கு" என்று அவர் சொல்லாத நாளும் இல்லை.

இப்படிச் சிரிப்பும் சண்டையுமாக ஓடிக்கொண்டிருந்த வீட்டில்தான் மகள் வந்து விஷயத்தைச் சொன்னாள். அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்க்கிற பையனை அவளுக்குப் பிடித்திருக்கிறது, பையனுக்கும் அவளைப் பிடித்திருக்கிறது. பையனின் அம்மா போட்டோவைப் பார்த்ததுமே சரி என்றுவிட்டார். பாக்கி இருப்பது பையனின் அப்பா.

"அவர் எப்படி?" என்று கீறல் அக்கா கேட்டாள்.

"ரொம்ப யோசிப்பாராம்மா. ஒரு டார்ச் லைட் வாங்கினாக்கூட உத்தரவாதச் சீட்டை முழுசா படிச்சுட்டுத்தான் பேட்டரி போடுவாராம். நேர்ல வந்து பாத்துட்டுச் சொல்றேன்னு சொல்லியிருக்காரு. அவர் வாயால சரின்னு சொன்னாத்தான் கல்யாணம், அவரை வருத்தப்பட வச்சு வேண்டாம்னு நாங்க ரெண்டு பேருமே முடிவு பண்ணிட்டோம்."

சொல்லும்போது மகளின் குரல் லேசாகப் பிசிறியது. கீறல் அக்காவுக்கு அந்த ஒரு 'சரி'க்காக என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று தோன்றியது. ஆனால் என்ன செய்வது? வீட்டைத் துடைத்தாள், திரைச்சீலையை மாற்றினாள், கணவரின் கண்ணாடியை வாங்கிச் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

அவர்கள் வந்த அன்று அவளுக்கு விடுமுறை. நீல நிறக் கார் ஒன்று கேட்டுக்குள் நுழைந்து நின்றது. பின்கண்ணாடியில் அவளுடைய நிறுவனத்தின் ஸ்டிக்கர். வெளியூரிலிருந்து ரயிலில் வந்து இறங்கிய பையனின் பெற்றோர், எதிரே இருந்த அவளுடைய கார் யார்டிலேயே வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள்! காரிலிருந்து பையன் இறங்கினான், அவன் அம்மா இறங்கினார், கடைசியாக ஓட்டுநர் இருக்கையிலிருந்து அப்பா இறங்கினார். உயரமான மனிதர், இஸ்திரி கலையாத சட்டை, சிரிப்பு என்றால் என்ன விலை என்று கேட்கிற முகம்.

வந்தவர்களை வாங்க என்று கூப்பிட வேண்டியவள் என்ன செய்தாள் தெரியுமா? நேராகக் காரிடம் போனாள். முன்னால் குனிந்தாள், பக்கவாட்டில் குனிந்தாள், பின்னால் சுற்றி வந்தாள், இடது பின்கதவுப் பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நகத்தை வைத்து ஓர் இழுப்பு. எல்லாம் பழக்கதோஷம். தான் என்ன செய்கிறோம் என்பது, "அம்மா!" என்று மகள் பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிட்டபோதுதான் அவளுக்கு உறைத்தது. எழுந்து நின்றாள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பையனின் அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

"கைப்பிடிக் குழியில மட்டும்தான்" என்றாள் அசடு வழிய. "அது கணக்குல வராது."

"தெரியும். பின்பக்கம் படிச்சேன்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருட சர்வீஸில் ஒப்பந்தத்தின் பின்பக்கத்தைப் படித்த ஒரு வாடிக்கையாளரை அவள் கண்ணால் கண்டதில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு நாலாக மடித்துப் பையில் திணிப்பவர்கள்தான் எல்லாரும்.

அதற்குப் பிறகு அந்த மனிதர் வாயைத் திறந்தால்தானே! டீ குடித்தார். பிஸ்கட் சாப்பிட்டார். மகளிடம், "வேலை பிடிச்சிருக்கா?" என்று ஒரு கேள்வி. அவள் பிடித்திருக்கிறது என்றாள், தலையை ஆட்டினார். பையனின் அம்மா வாய் ஓயாமல் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். ஆனால் எல்லார் கண்ணும் அந்த வாய் திறக்காத மனிதர் மேலேயே இருந்தது. கிளம்பும்போது, "யோசிச்சுச் சொல்றேன்" என்றார். மகளின் முகம் சுருங்கிப்போனதைக் கீறல் அக்கா பார்த்தாள். காரைச் சுற்றி வந்த தன் காலையே ஒடிக்கலாமா என்றிருந்தது அவளுக்கு.

பையனின் அம்மா குடையை மறந்து வைத்துவிட்டாரே என்று எடுத்துவர அவள் உள்ளே ஓடினாள். வெளியே கணவரின் குரல் தெரு முனை வரைக்கும் கேட்டது. "வரட்டும்... வரட்டும்... இன்னும் வரட்டும்... நிறைய இடம் இருக்கு!" குடையைக் கொண்டுவந்து கொடுப்பதற்குள் கார் தெருவில் நின்றிருந்தது. பையனின் அப்பா மட்டும் கேட்டை ஒரு பார்வை பார்த்தார்.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பியவள் கேட்டைச் சாத்தும்போது தாழ்ப்பாள் கம்பியின் நுனியில் நீலமாக ஏதோ ஒட்டியிருப்பதைப் பார்த்தாள். நகத்தால் சுரண்டினாள். பெயின்ட்! உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள்.

"என்னங்க! நேத்து கார் கேட்டுல உரசிச்சா?"

"இல்லவே இல்ல. நான்தானே நின்னு வழி சொன்னேன்? கண்ணுக்கு ஒண்ணும் தெரியலையே."

"உங்க கண்ணுக்கு என்னைக்குத்தான் என்ன தெரிஞ்சிருக்கு!" என்று கத்திவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

யார்டில் அன்று அவள்தான் முதல் ஷிப்ட். வேண்டாத சாமியையெல்லாம் வேண்டிக்கொண்டு நின்றாள். அந்தக் கார் அடுத்த ஷிப்டில் வரட்டும், 'டார்ச்' பார்த்துக்கொள்ளட்டும் என்று. டார்ச் என்பது இன்னொரு பரிசோதகர். பட்டப்பகலிலும் கையில் டார்ச்சுடன் அலைவதால் அந்தப் பட்டம். ஆனால் வேண்டியதா நடக்கும்? வெயில் ஏறுகிற நேரத்துக்கு நீலக் கார் வந்து வரிசையில் நின்றது. ராத்திரி பையனோடு தங்கிவிட்டு, அவன் அம்மாவை ரயில் நிலையத்தில் விட்டுவிட்டு அப்பா மட்டும் வந்திருந்தார். அவளைப் பார்த்ததும் அவர் முகத்திலும் ஒரு திடுக்கிடல். அவரும் அவள் இருக்கக்கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டு வந்திருப்பார் போல.

காரைக் கழுவி, துடைத்து, காயவைத்தே கொண்டுவந்திருந்தார். இப்படி ஒரு வாடிக்கையாளரா என்று வேறு நாளாக இருந்தால் கை கொடுத்திருப்பாள். இன்று நேராகக் கதவிடம் போனாள். இடது பின்கதவில், நேற்று அவள் கையால் பார்த்து ஒன்றுமில்லை என்று சொன்ன அதே இடத்தில், தெளிவாக ஒரு கோடு. நகத்தை வைத்தாள். மாட்டியது. அட்டையை வைத்தாள். அட்டை போதவில்லை. வெள்ளை வேறு எட்டிப்பார்த்தது.

"எங்க... எப்படி ஆச்சுன்னு எழுதணும்" என்றாள் மெதுவாக.

"எங்கேயோ நிறுத்தியிருந்தப்போ ஆயிருக்கும்" என்றார் அவர், தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு. "சரியாத் தெரியல. என் பொறுப்புன்னே எழுதிக்குங்க."

பாவம், அந்த மனிதருக்குப் பொய் சொல்லவே வரவில்லை. காதுமடல் சிவந்துவிட்டது. கேட்டில் உரசியது அவருக்கு நன்றாகத் தெரியும். பெண் வீட்டுக்காரர் கையை ஆட்டி வழிகாட்டும்போது உரசியதைச் சொன்னால் அவருக்கு அவமானமாகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டு வந்திருக்கிறார். கீறல் அக்காவின் நெஞ்சு நெகிழ்ந்துபோயிற்று. அப்படியே எழுதிவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. பேனாவை எடுத்தாள். எழுத வரவில்லை. ஷூ பாலிஷ் தடவியவனை நிற்கவைத்துக் கேள்வி கேட்டவள், தன் வீட்டுக் கேட்டை எப்படி மறைப்பாள்?

"எங்கேயோ இல்லைங்க" என்றாள் சத்தமாகவே. "எங்க வீட்டு கேட்டுல. தாழ்ப்பாள் கம்பி. காலையில அதுல பெயின்ட் இருந்ததை நானே பாத்தேன்."

பக்கத்து மேசையில் கணினியைத் தட்டிக்கொண்டிருந்த சூப்பர்வைசர் சடாரென்று நிமிர்ந்தார். "உங்க வீட்டு கேட்டா? இந்தக் கார் உங்க வீட்டுக்கு எதுக்கு வந்துச்சு? இவர் உங்களுக்குச் சொந்தமாக்கா?"

ஐயோ, அந்த விதி! சொந்தக்காரர் காரைச் சொந்தக்காரர் பரிசோதிக்கக்கூடாது. சொந்தம் என்றால் படிவத்தில் 'ஆம்' போட்டுவிட்டு வேறு பரிசோதகரிடம் கொடுக்க வேண்டும். இல்லை என்றால் 'இல்லை' போட்டுவிட்டுத் தானே எழுத வேண்டும். 'ஆம்' என்றால் என்ன அர்த்தம்? யோசித்துச் சொல்கிறேன் என்று போன மனிதரின் முகத்துக்கு நேரே, நீங்கள் என்ன சொல்வது, நாங்களே முடிவுபண்ணிவிட்டோம் என்று சொல்கிற மாதிரி. 'இல்லை' என்று சொல்லலாமா? அவர் காதுபட, இவர் எங்களுக்கு யாருமில்லை என்று அவள் வாயாலேயே சொல்வதா? மகளின் சுருங்கின முகம் கண்முன் வந்து நின்றது.

"அக்கா, சொந்தமா இல்லையா? பின்னாடி வரிசை நிக்குது."

"அது வந்து... இன்னும்..."

"இன்னும்னு ஒரு கட்டம் இல்லக்கா. ஆமாம், இல்லை, ரெண்டுதான்."

பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது.

பையனின் அப்பா சட்டைப் பையில் கையை விட்டார். ஒப்பந்தத்தை எடுத்தார். நிதானமாக, மடிப்பு மடிப்பாகப் பிரித்தார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கத்தைத் திருப்பினார். அதில் ஓர் இடத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தது. வகுப்பில் பாடம் வாசிக்கிற மாதிரி வாசித்தார்:

"'உறவினர் என்பதில் இரத்த உறவினரும், திருமணத்தால் உறவானவர்களும், திருமணத்தால் உறவாகப் போகிறவர்களும் அடங்குவர்.'" கண்ணாடிக்கு மேலாக சூப்பர்வைசரைப் பார்த்தார். "உங்க கம்பெனியே எழுதியிருக்கு. அப்ப ஆமாம்னு போடுங்க. என்ன உறவுன்னு கேட்டிருந்தா, சம்பந்தின்னு போடுங்க."

சூப்பர்வைசர் அந்தக் காகிதத்தை வாங்கிப் புதுசாகப் பார்க்கிற மாதிரி பார்த்தார். புதுசாகத்தான் பார்த்தார். கீறல் அக்காவுக்கு முதலில் காதில் விழுந்தது மனதுக்குள் போகவே இல்லை. போன பிறகு சிரிப்பு வந்தது, சிரிப்போடு அழுகையும் வந்தது. எது முந்தி என்று தெரியாமல் சீருடையின் கையால் முகத்தைத் துடைத்தாள்.

"நிஜமாவா சொல்றீங்க? நேத்து யோசிக்கணும்னு..."

"யோசிக்கணும்தான். எனக்கு எதுக்கும் ஒரு ராத்திரி வேணும்" என்றார் அவர். "ஆனா பையனோட அம்மா நேத்தே சொல்லிட்டா. வந்த விருந்தாளியோட காரைன்னுகூடப் பாக்காம நகத்தை வச்சுப் பாக்குற வீட்டுல மறைக்கிறதுக்கு என்ன இருக்கும்னு. நான்தான் இன்னும் இழுத்துக்கிட்டிருந்தேன். இப்ப நான் மறைச்சதை நீங்க போட்டு உடைச்சீங்க பாருங்க, இதுக்கு மேல எதை யோசிக்கிறது?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்த முகத்தில் சிரிப்பு இருந்திருக்கிறது, அதுவும் பையனின் சிரிப்பு அச்சு அசலாக!

ஷிப்டுக்கு முன்னாலேயே வந்து டீக்கடையில் உட்கார்ந்திருந்த டார்ச்சை விதிப்படி கூட்டிவந்தார்கள். அவர் வெயிலிலும் டார்ச்சை அடித்து, கோட்டின் மேல் நகத்தை ஓட்டினார். கீறல் அக்காவால் சும்மா நிற்க முடியவில்லை. "அட்டையை நேரா வைங்க, சாஞ்சிருக்கு" என்றாள்.

"தள்ளி நில்லுங்கக்கா. நீங்க சொந்தக்காரங்க" என்றார் டார்ச்.

யார்டே சிரித்தது. அவளுக்கு அந்த வார்த்தை காதில் தேனாகப் பாய்ந்தது. இன்னொரு தடவை சொல்ல மாட்டாரா என்றிருந்தது. டார்ச் தயவுதாட்சண்யம் பார்க்காமல் 'சேதம்' என்று எழுதி நீட்டினார். சம்பந்தி அதையும் ஒரு வரி விடாமல் படித்து, "சரியா எழுதியிருக்காரு" என்று திருப்தியாகக் கையெழுத்துப் போட்டார். கேட் எங்களுடையது, நாங்கள்தான் கட்டுவோம் என்று அவள் சொல்ல, ஓட்டினது நான், ஒப்பந்தப்படி நான்தான் என்று அவர் சொல்ல, ரயில் வந்துவிடும் என்கிற பயத்தில் சண்டையைக் கல்யாணத்தன்று தொடர்வதாக ஒத்திவைத்தார்கள்.

அவர் ரோட்டைக் கடந்து போகும் வரை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு மகளுக்குப் போன் போட்டாள். விஷயத்தைக் கேட்டதும் அந்தப் பக்கம் பரிசோதனைக் கூடமே அதிர்கிற மாதிரி ஒரு கூச்சல், யாரோ, "ஷ்ஷ், ரத்தம் எடுக்கிறோம்" என்று அதட்டுகிற சத்தம். அடுத்த போன் கணவருக்கு.

"என்னங்க, அவர் சரின்னுட்டார்!"

"யாரு? எங்க வச்சு?"

"நம்ம சம்பந்திதாங்க! சேதப் படிவத்துல வச்சு!"

அவருக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. சொல்லி முடித்தபோது மறுமுனையில் மனிதர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். எதால் துடைக்கிறார் என்பதும் தெரியும். இன்றைக்கு ஒரு நாள் போனால் போகிறது என்று விட்டுவிட்டாள்.

"பாத்தியா, நான் வழி சொன்ன ராசி!" என்றார் அவர், குரல் தழுதழுக்க.

"உங்க ராசியை உடைப்பில போடுங்க. முதல்ல வீட்டுக்குப் போய் அந்தத் தாழ்ப்பாள் கம்பியை அறுங்க."

"அதுதானே நமக்கு இவ்வளவு பெரிய நல்லது பண்ணியிருக்கு? இருந்துட்டுப் போகட்டுமேம்மா."

"விளையாடாதீங்க. நாளைக்குன்னும் சொல்லாதீங்க, இன்னைக்கே அறுக்கணும்" என்றாள் கீறல் அக்கா. "இனிமே அவங்க கார் அடிக்கடி நம்ம வீட்டுக்கு வரும்."